ஆகஸ்டில் நின்ற நான்கு விமானங்கள்: ஒரு விளையாட்டு விமான நிறுவனத்தின் நிகழ்வு ஆய்வு

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு என் சித்தி மகன் நடத்திவந்த விமான நிறுவனம் ஒரே இரவில் கையிருப்பின் பெரும்பகுதியை இழந்தது. விபத்து எதுவும் நடக்கவில்லை. எரிபொருள் விலை ஏறவில்லை. போட்டியாளர் எவரும் கட்டணத்தைக் குறைக்கவும் இல்லை. இருந்த ஆறு விமானங்களில் நான்கு, ஒரே நாளில் பராமரிப்புக் கூடத்துக்குள் போய் இரண்டு வாரம் வெளியே வரவில்லை. அது ஆகஸ்ட் மாதம். கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் இடையே டிக்கெட் விலை உச்சிக்குப் போகும் காலம்.

நிறுவனம் உண்மையானதல்ல, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விமான நிறுவன மேலாண்மை விளையாட்டில் நடப்பது. ஆனால் தூரம், விமான வகை, நேர மண்டலம், பராமரிப்புப் படிகள் எல்லாம் நிஜத்தை ஒட்டியே அமைக்கப்பட்டவை. விளையாட்டின் ஒரு நாள் நமக்கு அரை மணி நேரம். ஆகவே அங்கே ஒரு வாரம் இங்கே மூன்றரை மணி நேரம். அங்கே இரண்டு வாரம் இங்கே ஏழு மணி நேரம். இரவு பதினொரு மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுந்தால் இரண்டு வாரம் போயிருக்கும். தம்பிக்கு நடந்ததும் அதுதான். பராமரிப்பைத் ‘தானாகப் பதிவு செய்’ என்ற இடத்தில் விட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். நான்கு விமானங்கள், நாளுக்கு இரண்டு சுற்று வீதம் எட்டுச் சுற்று, பதினான்கு நாள்: மொத்தம் 112 வளைகுடாச் சுற்றுகள் ரத்தாகியிருந்தன. பயணிகளுக்கு இழப்பீடு, நின்ற விமானத்துக்கும் குத்தகை, அதற்கு மேல் கூடத்தின் செலவு.

இந்த ஆய்வு அந்த இரவைப் பற்றியது என்று முதலில் நினைத்தேன். பதிவேடுகளைப் பார்த்தபோது கோளாறு அதற்குப் பதினெட்டு மாதம் முன்பே, முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தது தெரிந்தது.

நிறுவனத்தின் அமைப்பு

தளம் கொச்சி, அதாவது நெடும்பாசேரி. கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருப்பது கோயம்புத்தூர் விமான நிலையம்தான். பாலக்காட்டு மாவட்டத்தில் பாதிப் பேர் பீளமேட்டுக்குப் போய்த்தான் விமானம் ஏறுகிறார்கள். ஆனாலும் தம்பி கொச்சியைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. வளைகுடாப் பயணிகள் அங்கே அதிகம். 3,400 மீட்டர் ஓடுபாதை. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் நிலையம். மேட்டுநில ஓடுபாதை கொண்ட கோழிக்கோட்டை அவன் ஒதுக்கியதும் சரியே.

நான்கு ஏர்பஸ் ஏ320 விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தான். நான்கும் மூன்று வயதானவை. நான்கும் ஒரே பிப்ரவரியில், ஒரே திங்கட்கிழமை கைக்கு வந்தவை. மொத்தமாக எடுத்தால் குத்தகையில் தள்ளுபடி உண்டு. பிறகு பெங்களூருக்கும் லட்சத்தீவின் அகத்திக்குமாக ஏ.டி.ஆர் 72 என்ற சிறிய புரொப்பல்லர் விமானங்கள் இரண்டைச் சேர்த்தான். அகத்தியின் சின்ன ஓடுபாதையில் ஏ320 இறங்க முடியாது.

விளையாட்டின் பராமரிப்பு விதிகள் நான்கு அடுக்காக இருக்கின்றன. ஏ320-க்கு வாரம் ஒரு முறை ஐந்து மணி நேரம் தொடர்ச்சியாக, தளத்தில் மட்டும், ஏ செக் என்ற சோதனை. மாதம் ஒரு முறை அதனோடு சேர்ந்து முடியும் பி செக். பதினெட்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் சி செக். விமானத்துக்கு எட்டு வயது ஆகும்போது இரண்டு மாதம் டி செக். நிஜ உலகம் இதிலிருந்து விலகி நாளாகிவிட்டது. பி செக் பெரும்பாலும் ஏ செக்கிலேயே கரைந்துவிட்டது. ஏ320-க்கு ஏ செக் இப்போது சுமார் 750 பறப்பு மணிக்கு ஒரு முறை என்ற கணக்கில் வருகிறது. நாளுக்கு 16 மணி நேரம் பறந்தாலும் அது ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவைதான். வேலைகளைச் சிறு துண்டுகளாக்கி இரவு இரவாக முடித்துக்கொள்வதும் வழக்கம். விளையாட்டு இந்த நெளிவுசுளிவைத் தருவதில்லை. ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து மணி நேரம்.

பதினெட்டு மணி இருபது நிமிடம்

தம்பி பெருமையாகக் காட்டிய எண் இது. ஒவ்வோர் ஏ320-உம் நாள் ஒன்றுக்குப் பறந்த நேரம். குறைந்த கட்டண நிறுவனங்களே 12 முதல் 14 மணி நேரம் பறக்கவைத்தால் நல்ல பயன்பாடு என்பார்கள். விளையாட்டின் தரவரிசைப் பட்டியலில் இந்த எண்ணால் அவன் பெயர் மேலே இருந்தது. என் பார்வையில் முழுக் குழப்பத்துக்கும் வேர் இந்த எண்தான்.

துபாய் விமானத்தின் ஒரு நாளை இந்திய நேரத்தில் வரிசையாகப் பார்க்கலாம். நள்ளிரவு 1.30-க்குக் கொச்சியில் கிளம்புகிறது. 4 மணி 10 நிமிடப் பயணம், 5.40-க்குத் துபாய், அங்கே அப்போது 4.10. ஒரு மணி நேரம் நின்று 6.40-க்குக் கிளம்பி, காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் 3 மணி 50 நிமிடத்தில், 10.30-க்குக் கொச்சி. மீண்டும் 11.30-க்குக் கிளம்பி 3.40-க்குத் துபாய். 4.40-க்குப் புறப்பட்டு இரவு 8.30-க்குக் கொச்சி. இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. 8.30-லிருந்து 1.30 வரை ஐந்து மணி நேரம் விமானம் தரையில் நிற்கும். அதில் ஒரு மணி நேரம் அடுத்த பயணத்துக்குப் பயணிகளை ஏற்ற வேண்டும். சும்மா இருப்பது நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரம் தம்பியின் கண்ணை உறுத்தியது. பெங்களூர்ச் சுற்று ஒன்றை அதற்குள் நுழைத்தான். 9.05-க்குக் கிளம்பி 10.15-க்குப் பெங்களூர், 10.50-க்குத் திரும்பக் கிளம்பி 12.00-க்குக் கொச்சி. துபாய்ப் பயணிகளை ஏற்ற ஒரு மணி நேரம். மிச்சம் முப்பது நிமிடம். இருபத்துநான்கு மணி நேரத்தில் அந்த விமானத்துக்கு இருந்த ஒரே மூச்சுவிடும் இடம் அதுதான். துபாயில் காலையில் நாற்பது நிமிடம் தாமதமானால் அன்றிரவுக்குள் அது தீராது. மறுநாளுக்கும் பத்து நிமிடம் ஒட்டிக்கொண்டு வரும்.

இந்த அட்டவணையில் ஐந்து மணி நேர ஏ செக் எங்கே? எங்கும் இல்லை. விளையாட்டு என்ன செய்தது என்றால், வாரத்தில் ஒரு நாள் தானாகவே பெங்களூர்ச் சுற்றை ரத்து செய்து, 8.30 முதல் 1.30 வரை சோதனையை முடித்தது. அதற்குப் பிறகு பயணிகளை ஏற்ற ஒரு மணி நேரம் வேண்டுமே. துபாய் விமானம் 2.30-க்குத்தான் கிளம்பியது. அந்த ஒரு மணித் தாமதம் மறுநாள் இரவு அரை மணியாகக் குறைந்து, அதற்கும் அடுத்த இரவு தீர்ந்தது.

நான்கு விமானங்களும் திங்கட்கிழமை வந்தவை என்பதால் நான்குக்கும் ஏ செக் திங்கட்கிழமையே. ஆகவே திங்கள்தோறும் ஏர்பஸ் ஓட்டிய பெங்களூர்ச் சேவை முழுவதும் ரத்து. செவ்வாய், புதன் இரு நாளும் வளைகுடா முழுவதும் தாமதம். வியாழன் முதல் ஞாயிறு வரை எல்லாம் ஒழுங்கு. வாரச் சராசரியாகப் பார்த்தால் நேரந்தவறாமை ஏதோ சுமார் என்று தெரியும். தம்பியும் சராசரியைத்தான் பார்த்தான். நாள்வாரியாகப் பிரித்ததும் எங்களுக்குத் திங்கட்கிழமை கண்ணில் பட்டது. பெங்களூர்ப் பயணிகளிடம் நிறுவனத்தின் மதிப்பு ஏன் ஏறவே இல்லை என்ற கேள்விக்கும் அதுதான் விடை. அவன் அதற்காக விளம்பரச் செலவை இருமுறை கூட்டியிருந்தான்.

மாமா வந்து சேர்ந்த கதை

எங்கள் மாமாவுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டில் நாட்டம் கிடையாது. பாலக்காடு–பொள்ளாச்சி வழியில் ஓடிய தனியார் பஸ்களுக்குப் பல ஆண்டுகள் டைம் கீப்பராக இருந்தவர். இரு மாநிலப் பெர்மிட், கோபாலபுரம் சோதனைச் சாவடியில் நிற்கும் நேரம், ஒரு வண்டி எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கான சோதனைக்குப் போனால் அந்த ட்ரிப்பை யார் அடிப்பது என்பவையே அவருடைய உலகம். தம்பி புலம்பியதைக் கேட்டுவிட்டு, “எஃப்.சி. தேதியைக் காலண்டரில் முதலில் எழுதாமல் ட்ரிப் ஷீட் போட்டவனை நான் பார்த்ததே இல்லை” என்றார்.

“மாமா, இது பஸ் இல்லை. ஒரு மணி நேரம் சும்மா நின்றாலும் குத்தகை ஓடும்.”

“பஸ்ஸுக்கும் வட்டி ஓடத்தான் செய்தது, தம்பி. நின்ற வண்டிக்கும் ஓடியது.”

அவர் செய்த முதல் வேலை, கால அட்டவணையை அழித்தது. காகிதத்தில் ஏழு நாளுக்கு ஏழு கட்டம், நான்கு விமானத்துக்கு நான்கு வரி. முதலில் ஏ செக்குகளை மட்டும் எழுதினார்: திங்கள், செவ்வாய், வியாழன், சனி. ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் இல்லை. அதற்குப் பிறகுதான் பறப்புகள்.

பெங்களூரை ஏர்பஸ் வரிகளிலிருந்து நீக்கினார், அது ஏ.டி.ஆர்களின் வேலை. ஆனாலும் இடிக்கிறது. சும்மா இருப்பது நான்கு மணி நேரம், சோதனைக்கு ஐந்து வேண்டும். அந்த ஒரு மணிக்காக அன்றைய இரண்டாவது துபாய்ச் சுற்றையே ரத்து செய்யலாம் என்றான் தம்பி. துபாய் கிளம்பும் நேரத்தை மாற்றினால் அங்கே இறங்க ஒதுக்கிய நேரம் (ஸ்லாட்) போய்விடும், ஆகவே நகர்த்தவும் முடியாது. இங்கேதான் மாமா ஒரு கேள்வி கேட்டார். துபாயைவிடப் பக்கத்தில், அதே மாதிரிக் கூட்டம் உள்ள ஊர் எது?

மஸ்கட்.

சோதனை நாளில் மட்டும் இரண்டாவது சுற்று மஸ்கட்டுக்கு. 11.30-க்குக் கிளம்பி 3 மணி 35 நிமிடத்தில், 3.05-க்கு மஸ்கட். அங்கே ஒரு மணி நேரத்துக்குப் பதில் நாற்பத்தைந்து நிமிடம். விளையாட்டு ஏ320-க்குக் குறைந்தது முப்பத்தைந்து கேட்கிறது. 3.50-க்குக் கிளம்பி 3 மணி 20 நிமிடத்தில், 7.10-க்குக் கொச்சி. 7.10-லிருந்து 12.10 வரை ஏ செக். 1.10 வரை பயணிகள் ஏறுகிறார்கள். 1.30-க்குத் துபாய். இருபது நிமிடம் மிச்சம்.

நான்கு விமானங்களும் வெவ்வேறு நாளில் இதைச் செய்வதால் மஸ்கட்டுக்கு வாரத்தில் நான்கு நாள் சேவை கிடைத்துவிட்டது. பராமரிப்புக்கு இடம் தேடப்போய் ஒரு வழித்தடம் பிறந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இத்தனைக்கும் மாமாவுக்கு மஸ்கட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியாது. நிமிடக் கணக்கு மட்டும் தெரியும்.

பறப்பு நேரம் சராசரி 15 மணி 50 நிமிடமாகக் குறைந்தது. தரவரிசையில் தம்பியின் பெயர் இறங்கியது. அவனுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் சாதாரண நாள்களில் இரவு நான்கு மணி நேரம் கைவசம் இருப்பதால், எந்தத் தாமதமும் மறுநாளைத் தொடவில்லை.

பதினெட்டு மாதத்தின் சூழ்ச்சி

ஏ செக்கைப் பரப்பியது எளிது. சி செக் அப்படியல்ல. பிப்ரவரியில் எடுத்த விமானத்துக்குப் பதினெட்டு மாதம் கழித்து வருவது ஆகஸ்ட். அடுத்த பதினெட்டு மாதம் கழித்து மீண்டும் பிப்ரவரி. அதற்கடுத்து மீண்டும் ஆகஸ்ட். ஆண்டுக்கு ஒரு முறை வரும் சோதனை என்றால் ஒரு நல்ல மாதத்தைத் தேர்ந்துகொண்டால் போதும். பதினெட்டு மாதம் என்றால் அந்த மாதமும், அதற்கு நேரெதிரே ஆறு மாதம் தள்ளியிருக்கும் மாதமும் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். ஓணம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும். விளையாட்டுக்கு ஓணம் தெரியாது என்றாலும் கோடை உச்சம் தெரியும். டிசம்பர் உச்சமும் தெரியும். ஆகவே ஜூலை, ஆகஸ்ட், டிசம்பர் கூடாது. அவற்றுக்கு எதிரே இருப்பதால் ஜனவரி, பிப்ரவரி, ஜூன் கூடாது. மீதமிருப்பது மூன்று ஜோடிகள்: மார்ச்–செப்டம்பர், ஏப்ரல்–அக்டோபர், மே–நவம்பர். நான்கு விமானங்களுக்கு இது போதும், ஏனென்றால் ஒரு மாதத்தில் இரண்டு இரண்டு வாரங்கள் உண்டு. ஒன்று செப்டம்பரில், ஒன்று அக்டோபரில், இரண்டு நவம்பரின் முன்பாதியிலும் பின்பாதியிலும்.

விலை உண்டு. எல்லா விமானங்களும் ஆகஸ்டில் சி செக் முடித்தவை. அடுத்த கெடு ஒன்றரை ஆண்டு தள்ளிப் பிப்ரவரியில். அதை முந்தைய செப்டம்பருக்கே இழுத்தால் ஐந்து மாதச் செல்லுபடி வீணாகிறது. அக்டோபரில் நான்கு மாதம். நவம்பரில் ஏறக்குறைய மூன்று. தம்பி இதை நெடுநேரம் எதிர்த்தான். கட்டிய பணத்துக்கு முழுக் காலம் அனுபவிக்காமல் ஏன் விட வேண்டும் என்பது அவன் வாதம். இந்த வாதத்தை நிஜ நிறுவனங்களின் திட்டப்பிரிவிலும் கேட்கலாம், அங்கும் பெரும்பாலும் முன்கூட்டிச் செய்பவர்களே வெல்கிறார்கள். ஒரு விமானம் நின்றால் எட்டுச் சுற்றில் இரண்டுதான் போகும். நான்கும் நின்றால் எட்டும் போகும், அதுவும் டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும்போது. அவனே அந்த ஆகஸ்டின் கணக்கைக் கூட்டிப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டான். முன்னுக்கு இழுத்துச் செய்வது ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு மாதங்கள் தாமாகவே தள்ளித் தள்ளி விழும்.

இந்த இடத்தில் ஒன்று: நிஜக் கொச்சிக்கு ஆகஸ்டில் வேறு ஆபத்தும் உண்டு. 2018 வெள்ளத்தில் நெடும்பாசேரி நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக்கிடந்தது. அந்த நாள்களில் ஆகஸ்ட் 20 அன்று பெங்களூரிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏ.டி.ஆர் ஒன்று கொச்சியின் கடற்படை விமானதளத்தில் வந்து இறங்கியது. ஒரே தளத்தில் எல்லாப் பராமரிப்பையும் வைத்துக்கொள்வதன் அபாயத்தை விளையாட்டு சொல்லித்தருவதில்லை.

விளையாட்டு எண்ணாத எண்

ஏ.டி.ஆர்கள் நாளுக்கு எட்டுப் பயணம் செய்கின்றன, சராசரி 1 மணி 25 நிமிடம் வீதம். பறப்பு நேரம் 11 மணி 20 நிமிடம். இரவு முழுவதும் கொச்சியில் தூங்குகின்றன. ஏ செக்குக்கு இடம் தாராளம். ஏர்பஸ் 16 மணி நேரம் பறக்கிறது, ஆனால் நாளுக்கு நான்கே பயணம். விளையாட்டு மணியையும் மாதத்தையும் மட்டும் எண்ணுவதால் ஏ.டி.ஆர் குறைவாகத் தேய்வதாகக் காட்டுகிறது. உண்மையில் ஒவ்வொரு ஏற்றத்திலும் விமானத்தின் உடல் உள்ளழுத்தத்தால் விரிந்து, இறங்கும்போது சுருங்குகிறது. சக்கரமும் பிரேக்கும் ஒவ்வோர் இறக்கத்திலும் அடி வாங்குகின்றன. ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு பறப்புச் சுழற்சி. அப்படி எண்ணினால் ஏ.டி.ஆர் இரு மடங்கு உழைக்கிறது.

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-200 விமானம் ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்ந்துபோனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானம் பறந்திருந்தது 35,496 மணி நேரம்தான். ஆனால் ஏறி இறங்கியது 89,680 முறை. ஒரு பறப்புக்குச் சராசரி இருபத்துநான்கு நிமிடம். உப்புக்காற்றில், குட்டிக் குட்டிப் பயணங்களில், ரிவெட் வரிசைகளில் விரிசல் பரவியிருந்ததைப் பராமரிப்புச் சோதனைகள் பிடிக்கவில்லை. அகத்திக்கும் கொச்சிக்கும் இடையே பறக்கும் விமானத்துக்கும் உப்புக்காற்று உண்டு. விளையாட்டை எழுதியவர்கள் சுழற்சியையும் ஒரு கணக்காகச் சேர்த்திருந்தால் தம்பி ஏ.டி.ஆர்களை இவ்வளவு அலட்சியமாக வைத்திருக்க மாட்டான்.

இப்போதைய நிலை

திங்கட்கிழமைப் பெங்களூர் ரத்து நின்றுவிட்டது. மஸ்கட் லாபத்தில் ஓடுகிறது. தானாகப் பதிவு செய்யும் வசதியை ஏ செக்குக்கு மட்டும் விட்டுவைத்து, சி செக்கைத் தம்பி கையாலேயே பதிகிறான். அடுத்து வரும் ஆகஸ்டில் நான்கும் பறக்கும்.

தீராமல் இருப்பது டி செக். மூன்று வயதில் ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த விமானங்கள். குத்தகை முடியும்போது எட்டு வயது. டி செக்கும் அப்போதுதான். விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இரண்டு மாத முடக்கமும் பெருஞ்செலவும் இல்லை. இண்டிகோ தன் தொடக்க ஆண்டுகளில் புது விமானங்களை வாங்கி, விற்று, அவற்றையே சுமார் ஆறு ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, கனமான சோதனை வருவதற்கு முன் திருப்பிக் கொடுத்து வந்தது இந்தக் கணக்கில்தான். நிஜத்தில் குத்தகைக்கு விடுபவர், விமானம் எந்த நிலையில் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை போடுவார், பராமரிப்புக்கென்று மாதந்தோறும் தனியாகப் பணமும் பிடிப்பார். விளையாட்டில் அந்தத் தொல்லை இல்லை.

நான்கையும் திருப்பிக் கொடுத்துப் புதிதாக நான்கு எடுக்கலாம் என்கிறான் தம்பி. நான்கும் ஒரே நாளில் வரும், தள்ளுபடி கிடைக்கும் என்றும் சேர்த்துச் சொன்னான். மாமா பதில் சொல்லாமல் அவனைப் பார்த்தார். இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டுக்கு டி செக் செய்து வைத்துக்கொள்வது, புது விமானங்களை மாதத்துக்கு ஒன்றாக வாங்குவது என்று தற்போதைக்கு முடிவாகியிருக்கிறது. தள்ளுபடி போகும். முதல் புது விமானம் அக்டோபரில் வருகிறது. அதன் ஏ செக் புதன்கிழமை.